சட்டைப்பைச் சுழல்துப்பாக்கி: விளம்பரம் மறைக்கும் கழித்தல் குறி

உயர்நிலைப் பள்ளி இயற்பியல் நூல் எதைப் புரட்டினாலும் உந்த அழிவின்மை விதியின்கீழ் ஒரு கணக்கு இருக்கும். துப்பாக்கியின் நிறை இவ்வளவு, குண்டின் நிறை இவ்வளவு, குண்டு வெளியேறும் திசைவேகம் இவ்வளவு. துப்பாக்கியின் பின்னியக்கத் திசைவேகம் யாது? மாணவர்கள் இதை இரண்டு வரிகளில் முடித்து, விடையின் முன் ஒரு கழித்தல் குறியைப் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். அக்குறிக்கு என்ன பொருள் என்று கேட்டால் "எதிர்த்திசை" என்பார்கள். சரியான விடைதான். அந்த எதிர்த்திசையில் ஒரு மனிதனின் கை இருக்கிறது என்பதைப் பாடநூல் சொல்வதில்லை.

பாடநூல் சொல்லாமல் விடுவதால் கேடு ஒன்றும் இல்லை. ஆனால் துப்பாக்கியை விற்பவர்களும், எதை வாங்கலாம் என்று அறிவுரை எழுதுபவர்களும் அதே கழித்தல் குறியை விட்டுவிட்டால் அது பெருங்கேடு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சட்டைப்பையிலோ கைப்பையிலோ பிறர் கண்ணில் படாமல் எடுத்துச் செல்வதற்கான சிறு சுழல்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது பற்றியே ஒரு தனி எழுத்து வகை வளர்ந்திருக்கிறது. "இது இவ்வளவு இலேசானது, இவ்வளவு சிறியது, இவ்வளவு ஆற்றல் வாய்ந்தது" என்பதே அதன் பல்லவி. இம்மூன்று சொற்களையும் இயற்பியலின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறியதைத் தேடிய வரலாறு

சாமுவேல் கோல்ட் சுழல்துப்பாக்கிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1836-இல். தொடக்க காலச் சுழல்துப்பாக்கிகள் பெரியவை. இடைவாரில் தொங்கவிட்டே எடுத்துச் செல்ல முடியும். பைக்குள் அடங்கும் துப்பாக்கிக்கான தேவையைப் பின்னர் பலரும் பலவாறு நிறைவேற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் மிதிவண்டி ஓட்டுபவர்கள் துரத்தும் நாய்களை விரட்டுவதற்கென்றே 'வெலோடாக்' என்ற சின்னஞ்சிறு சுழல்துப்பாக்கி விற்கப்பட்டது என்பது இன்று வேடிக்கையாகத் தோன்றலாம்.

இன்றைய வடிவத்துக்கு வழி வகுத்தவை இரண்டு. ஒன்று, கோல்ட் நிறுவனம் 1927-இல் வெளியிட்ட 'டிடெக்டிவ் ஸ்பெஷல்'. குழல் நீளம் 2 அங்குலம், தோட்டாக்கள் ஆறு. மற்றொன்று, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950-இல் வெளியிட்ட 'சீஃப்ஸ் ஸ்பெஷல்'. இதில் ஐந்தே தோட்டாக்கள். தோட்டா ஒன்று குறைந்ததால் உருளையின் விட்டம் குறைந்தது, துப்பாக்கியும் மெலிந்தது. இரண்டுமே .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவுக்கானவை. மாற்று உடையணிந்த காவலர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட இவை நாளடைவில் பொதுமக்கள் கைக்கும் வந்தன. ஃபுளோரிடா மாநிலம் 1987-இல், சட்டத்தில் சொன்ன தகுதிகள் இருந்தால் உரிமம் தந்தே ஆகவேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே தேவையில்லை. தனிக் காரணம் காட்டினால்தான் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் என்றிருந்த நியூயார்க் சட்டத்தையும் 2022-இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. வாங்குவோர் பெருகப் பெருக, "எதை வாங்கலாம்?" என்ற எழுத்தும் பெருகியது.

இந்த வரலாறு முழுவதும் ஒரே திசையில்தான் ஓடுகிறது: எடையைக் குறை. எஃகின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 7.8 கிராம்; டைட்டானியத்துக்கு 4.5, அலுமினியத்துக்கு 2.7. ஆகவே எஃகு இருந்த இடத்தில் முதலில் அலுமினியக் கலவை வந்தது; பின்னர் டைட்டானியம் வந்தது; இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறிதளவு ஸ்காண்டியம் சேர்த்த அலுமினியக் கலவையும் வந்தது. எஃகினாலான சீஃப்ஸ் ஸ்பெஷலின் நிறை சுமார் 550 கிராம். அலுமினியச் சட்டம் கொண்டதன் நிறை சுமார் 420 கிராம். ஸ்காண்டியக் கலவைச் சட்டமும் டைட்டானியம் உருளையும் கொண்ட '340 பிடி' என்ற மாதிரியின் நிறை சுமார் 330 கிராம்தான். பொறியியல் நோக்கில் இது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. சட்டைப்பைக்கு இது நன்மை. கைக்கு?

குறைந்த எடை எங்கே போயிற்று?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். .38 ஸ்பெஷல் தோட்டாவில் வழக்கமான குண்டின் நிறை 10.2 கிராம். குறுகிய குழலிலிருந்து அது ஏறத்தாழ நொடிக்கு 220 மீட்டர் திசைவேகத்தில் வெளியேறுகிறது என்று கொள்வோம். அதன் உந்தம் சுமார் 2.24 கிலோகிராம்-மீட்டர்/நொடி. பாடநூல் இதோடு நிறுத்திவிடும். உண்மையில் எரிந்த வெடிமருந்தின் வாயுவும் முன்னோக்கிப் பாய்கிறது. அதன் நிறை சுமார் 0.3 கிராம்தான், ஆனால் அது குண்டைவிடப் பன்மடங்கு விரைவாக, ஏறத்தாழ நொடிக்கு 1,200 மீட்டர் அளவில் வெளிப்படுகிறது. அதன் பங்கு 0.36. ஆக மொத்தம் 2.6. இதே அளவு உந்தத்தைத் துப்பாக்கி எதிர்த்திசையில் பெற்றாக வேண்டும். எந்த உலோகத்தில் செய்தாலும் இந்த 2.6 மாறாது.

மாறுவது திசைவேகம். 550 கிராம் எஃகுத் துப்பாக்கி நொடிக்கு 4.7 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வரும். 420 கிராம் துப்பாக்கி 6.2 மீட்டர் வேகத்தில். 330 கிராம் துப்பாக்கி 7.9 மீட்டர் வேகத்தில். கை வாங்கிக்கொள்ள வேண்டிய இயக்க ஆற்றல் முறையே சுமார் 6, 8, 10 ஜூல். உந்தம் மாறாதபோது இயக்க ஆற்றல் நிறைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பதை மாணவர்கள் தாமே நிறுவிப் பார்க்கலாம்.

கதை இதோடு முடியவில்லை. 330 கிராம் எடையுள்ள அந்த '340 பிடி', .357 மேக்னம் என்ற வலிய தோட்டாவையும் ஏற்கும் என்பதுதான் அதன் பெருமையாகச் சொல்லப்படுகிறது. அத்தோட்டாவில் 8.1 கிராம் குண்டு நொடிக்கு 360 மீட்டர் அளவிலும், ஒரு கிராமுக்குச் சற்று மிகுந்த வெடிமருந்து வாயுவும் வெளியேறுவதாகக் கொண்டால் மொத்த உந்தம் ஏறத்தாழ 4.2. துப்பாக்கியின் பின்னியக்க ஆற்றல் சுமார் 27 ஜூல். பழைய எஃகுத் துப்பாக்கி தந்த உதையைப் போல நான்கு மடங்குக்கும் மேல்! எடையில் 220 கிராம் மிச்சம் பிடித்தவர் கட்டவேண்டிய வட்டி இது. விளம்பரத்தில் '330 கிராம்' பெரிய எழுத்தில் இருக்கும். '27 ஜூல்' சிறிய எழுத்தில்கூட இராது.

கைப்பிடியில் ரப்பர் உறை போட்டால் உதை குறையாதா என்று கேட்கலாம். ரப்பர் செய்வது, உந்தம் கைக்கு மாறும் கால அளவை நீட்டிப்பதுதான். வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதுபோல, விசையின் உச்சம் குறையும், உந்தம் குறையாது. மேலும் பருத்த ரப்பர் கைப்பிடி பைக்குள் சிக்கும், துணியோடு ஒட்டும். சிறியதாக இருக்கவேண்டும் என்று வாங்கியதன் பயனே அங்கே போய்விடுகிறது.

பெண்களுக்கு ஏற்றது இலேசான சிறு சுழல்துப்பாக்கியே என்பது அமெரிக்கக் கடைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் அறிவுரை. சிறிய கைக்குச் சிறிய கருவி என்பது கரண்டிக்கும் கத்தரிக்கோலுக்கும் பொருந்தலாம், துப்பாக்கிக்குப் பொருந்தாது. உந்தம் ஆள் பார்த்து வருவதில்லை. துப்பாக்கியோடு சேர்ந்து பின்னுக்குப் போகும் கையின் நிறை குறைவாக இருந்தால் அசைவு மிகும். எனவே மெலிந்த கைக்கு இலேசான துப்பாக்கியைத் தருவது, உதையைத் தாங்கும் வாய்ப்புக் குறைந்தவரிடம் மிகுந்த உதையைத் தருவதாகும். அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் பலர் இந்த அறிவுரையை எதிர்ப்பதற்குக் காரணம் இதுவே.

உலோகமும் தோட்டாவும் பட்ட பாடு

எடைக் குறைப்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அமெரிக்க வானூர்திப் படை நேரில் கண்டது. 1950-களின் தொடக்கத்தில் விமானக் குழுவினருக்காக, சட்டம் மட்டுமன்றி உருளையும் அலுமினியக் கலவையால் ஆன சுழல்துப்பாக்கிகள் செய்விக்கப்பட்டன. கோல்ட் நிறுவனத்தின் 'ஏர்க்ரூமேன்' அவற்றுள் ஒன்று. நிறை சுமார் 312 கிராம். தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தத்தை நேரடியாகத் தாங்கவேண்டியது உருளைதான். அலுமினிய உருளை அதற்கு நம்பத் தகுந்ததாக இல்லை. அழுத்தம் குறைந்த தனித் தோட்டா வகுத்தும் சிக்கல் தீரவில்லை. முடிவில் அத்துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்டுப் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன.

நவீனக் கலவைகள் அழுத்தத்தைத் தாங்குகின்றன. ஆனால் வேறொரு விதி குறுக்கே நிற்கிறது. காகிதத்தின்மேல் டம்ளரை வைத்துக் காகிதத்தை வெடுக்கென்று இழுத்தால் டம்ளர் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது நிலைமத்துக்கு நாம் காட்டும் எளிய சோதனை. இலேசான துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடித்ததும் துப்பாக்கி வெடுக்கென்று பின்னோக்கி வருகிறது. உருளையில் இன்னும் வெடிக்காமல் இருக்கும் தோட்டாக்களின் உறைகளும் அதோடு பின்னோக்கி வருகின்றன. உறையின் வாயில் செருகப்பட்டிருக்கும் குண்டோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. பயன், குண்டு உறையிலிருந்து சிறிது சிறிதாக வெளியே நகர்கிறது. உருளையின் முகப்பைத் தாண்டிக் குண்டு நீட்டிக்கொண்டால் உருளை சுழலாது, துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். "எக்காலத்தும் தவறாது இயங்கும்" என்பது சுழல்துப்பாக்கிக்கு வழக்கமாகத் தரப்படும் நற்சான்று. நிறையைக் குறைத்துக்கொண்டே போனால் அந்த நற்சான்றும் தேய்ந்துவிடுகிறது. '340 பிடி'யின் குழலிலேயே 120 கிரெயினுக்கு, அதாவது 7.8 கிராமுக்குக் குறைந்த குண்டு ஆகாது என்று பொறிக்கப்பட்டிருக்கும். டைட்டானியம் உருளை விரைவில் அரிக்கப்படாமல் இருக்க இந்த எச்சரிக்கை. கனத்த குண்டானால் நகர்வு. இலேசான குண்டானால் அரிப்பு. இரண்டுக்கும் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை.

குறுங்குழலும் குறியும்

குறி பார்ப்பது என்பது வடிவொத்த முக்கோணக் கணக்கு. துப்பாக்கியின் மேல் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முனை. இரண்டும் இலக்கும் ஒரே நேர்க்கோட்டில் அமையவேண்டும். பள்ளத்துக்கும் முனைக்கும் இடைத்தூரம் சிறு சுழல்துப்பாக்கியில் 9 செ.மீ. அளவு. முனை 1 மில்லிமீட்டர் விலகினால், 7 மீட்டர் தொலைவில் குண்டு சுமார் 8 செ.மீ. விலகிப் போகும், 20 மீட்டரில் 22 செ.மீ. இடைத்தூரம் 20 செ.மீ. உள்ள நீண்ட துப்பாக்கியானால் 7 மீட்டரில் விலகல் 3.5 செ.மீ. மட்டுமே. கை ஒன்றே, நடுக்கம் ஒன்றே. விலகல் மட்டும் இருமடங்குக்கும் மேல்.

டிரிக்கரின் கதை இதைவிடக் கடினம். சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைக்காமல் சுடும்போது, உருளையைச் சுழற்றுவதும் சுத்தியைப் பின்தள்ளுவதும் ஆகிய இரண்டு வேலைகளையும் ஆட்காட்டி விரலே செய்யவேண்டும். இதற்கு வேண்டிய விசை இவ்வகைத் துப்பாக்கிகளில் 12 பவுண்டு அளவு. அதாவது 53 நியூட்டன். 330 கிராம் துப்பாக்கியின் எடையோ 3.2 நியூட்டன்தான். தன் எடையைப் போல் பதினாறு மடங்கு விசையை ஒரு பக்கமாகச் செலுத்திக்கொண்டு, அதே துப்பாக்கியை அசையாமலும் பிடிக்கவேண்டும்! கனமான துப்பாக்கி தன் நிலைமத்தால் விரலின் தவற்றை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இலேசான துப்பாக்கி பொறுத்துக்கொள்ளாது.

நியாயமாகச் சொன்னால், இச்சிறு கருவிக்கும் நற்குணங்கள் உண்டு. தானியங்கிக் கைத்துப்பாக்கியைப் போல் பின்னும் முன்னும் ஓடும் பகுதி இதில் இல்லை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மீண்டும் டிரிக்கரை அழுத்தினால் போதும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். கனத்த டிரிக்கர் தற்செயலாக வெடிப்பதைக் குறைக்கிறது. ஆனால் இவையெல்லாம் அதன் அமைப்பினால் வந்தவை. இலேசாக்கியதால் வந்தவை அல்ல.

"தடுத்து நிறுத்தும் ஆற்றல்" என்னும் மாயை

துப்பாக்கி பற்றிய எழுத்தில் ஓயாமல் வரும் தொடர் 'தடுத்து நிறுத்தும் ஆற்றல்'. ஆற்றல் என்ற சொல் இருப்பதால் இதை ஜூலில் அளக்கலாம் என்று மாணவர்கள் எண்ணக்கூடும். இதற்கு அலகே கிடையாது. திரைப்படத்தில் குண்டு பட்டவன் பின்னோக்கிப் பறந்து கண்ணாடிச் சன்னலை உடைத்துக்கொண்டு விழுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இச்சொல் இயல்பாகத் தோன்றுகிறது.

70 கிலோகிராம் மனிதன்மீது, நாம் முன்பு கண்ட 2.24 உந்தமுள்ள குண்டு பட்டு உடலுக்குள்ளேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவன் பெறும் திசைவேகம் 2.24-ஐ 70-ஆல் வகுத்தால் கிடைப்பது: நொடிக்கு 3.2 சென்டிமீட்டர். நாம் சாதாரணமாக நடக்கும் வேகத்தில் நாற்பதில் ஒரு பங்கு. மேலும், சுட்டவன் கைக்கு வந்த உந்தம் 2.6, சுடப்பட்டவனுக்குப் போனது 2.24. சுடப்பட்டவன் பறக்கவேண்டுமானால் சுட்டவன் அவனுக்கு முன்பே பறந்திருக்கவேண்டும்!

ஒரு கிரிக்கெட் பந்தோடு ஒப்பிடுங்கள். 160 கிராம் பந்து மணிக்கு 126 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் உந்தம் 5.6. குண்டினுடையதைப் போல் இரண்டரை மடங்கு. அதன் இயக்க ஆற்றலோ 98 ஜூல்; குண்டுக்கு 247 ஜூல். பந்து தள்ளுகிறது, குண்டு துளைக்கிறது. குண்டின் கொடுமை அதன் ஆற்றல் மிகச் சிறிய பரப்பில் குவிவதிலும், எந்த உறுப்பை அது கிழிக்கிறது என்பதிலும் இருக்கிறது. ஆளைத் தள்ளுவதில் இல்லை.

இதற்கு எண் கொடுக்க முயன்றவர்கள் இல்லாமலில்லை. அமெரிக்கத் தரைப்படைக்காக 1904-இல் தாம்ப்சன், லாகார்ட் என்ற இரு அதிகாரிகள் சிகாகோவின் கால்நடைக் கொட்டில்களில் மாடுகளையும், வேறிடத்தில் மனிதச் சடலங்களையும் சுட்டுச் சோதித்தனர். சோதனைக்கு உட்பட்டவை மிகச் சில. ஒவ்வொன்றிலும் குண்டு பட்ட இடமும் சூழலும் வேறு. அதிலிருந்து பெரிய குண்டே சிறந்தது என்ற முடிவுக்கு வந்தனர். 1992-இல் மார்ஷல், சானோ என்ற இருவர் எழுதிய நூல், ஒரே குண்டில் ஆள் நின்றுவிட்ட நிகழ்ச்சிகளின் விழுக்காட்டைத் தோட்டா வாரியாகப் பட்டியலிட்டது. நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்த முறையையும் புள்ளியியலையும் பலர் கடுமையாகக் குறைகூறினர். கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் 1989-ஆம் ஆண்டு அறிக்கை, கைத்துப்பாக்கிக் குண்டு ஆளை 'வீழ்த்தித் தள்ளும்' என்ற கருத்தையே மறுத்தது. அப்படியிருந்தும் இச்சொல் மறையவில்லை. அளக்க முடியாத ஒன்றுக்கு 'ஆற்றல்' என்று பெயர் சூட்டுவது விற்பனைக்கு உதவும், அறிவுக்கு உதவாது.

காலமும் ஒலியும்

மறைத்து வைப்பதற்கும் விரைவாக எடுப்பதற்கும் இடையே ஒரு முரண்பாடு இருக்கிறது. நன்றாக மறைந்திருப்பது கைக்கு எளிதில் கிட்டாது. சால்ட் லேக் நகரக் காவல்துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், 21 அடி, அதாவது 6.4 மீட்டர் தொலைவில் நிற்கும் ஒருவர் ஒன்றரை நொடியில் ஓடி வந்து தாக்கிவிட முடியும் என்று காட்டினார். பயிற்சி பெற்ற காவலர் இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறத்தாழ அதே ஒன்றரை நொடி ஆகும். கைப்பையைத் திறந்து, கைக்குட்டைக்கும் சாவிக்கொத்துக்கும் அடியில் தேடி எடுப்பவருக்கு எவ்வளவு ஆகும் என்பதை வாசகர்களே மணிக்காட்டியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். துப்பாக்கி வேண்டாம், ஒரு பேனா போதும்.

ஒலியைப் பற்றி அறிவுரைகள் பெரும்பாலும் பேசுவதே இல்லை. உடனடி ஒலிக்குச் செவியின் பாதுகாப்பு எல்லை 140 டெசிபல். சிறு சுழல்துப்பாக்கியின் ஓசை 155 டெசிபலுக்கும் மேல். டெசிபல் மடக்கை அளவு என்பதால் 15 டெசிபல் மிகுதி என்பது ஒலித்திறனில் முப்பது மடங்குக்கும் மேல். மூடிய அறையில், செவிக்காப்பு இல்லாமல், ஒரே ஒரு முறை சுட்டாலும் செவிக்கு நிலையான கேடு நேரலாம்.

அளந்து பார்த்தவர்கள் கண்டது

இதுவரை கண்டவை கருவியின் குறைகள். நல்ல பயிற்சியால் இவற்றை வெல்லலாம் என்று வாதிடுவோர் உண்டு. ராண்ட் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நியூயார்க் நகரக் காவலர்கள் எதிரி திருப்பிச் சுடும் சண்டைகளில் சுட்ட குண்டுகளில் 18 விழுக்காடே இலக்கில் பட்டன. எதிரி சுடாதபோதும் 30 விழுக்காடுதான். இவர்கள் முறையான பயிற்சி பெற்றவர்கள். முழு அளவுத் துப்பாக்கி ஏந்தியவர்கள். ஐந்தே தோட்டா கொண்ட 330 கிராம் துப்பாக்கியுடன், ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி செய்பவரிடம் இதைவிட மேலானதை எதிர்பார்ப்பதற்குக் காரணம் ஏதுமில்லை.

இனி, வாங்கிய துப்பாக்கி பெரும்பாலான நேரம் இருக்கும் இடத்தைப் பார்ப்போம். அது வீடு. சியாட்டில் நகரம் அடங்கிய கிங் மாவட்டத்தில் துப்பாக்கி வைத்திருந்த வீடுகளிலேயே 1978 முதல் 1983 வரை நேர்ந்த 398 துப்பாக்கிச் சாவுகளை கெல்லர்மன், ரே என்ற இரு மருத்துவர்கள் ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டனர். அவற்றுள் அத்துமீறி நுழைந்தவரையோ தாக்க வந்தவரையோ தற்காப்புக்காகச் சுட்டவை ஒன்பது. தற்கொலைகள் 333. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை கொலைகள், சில விபத்துகள். இந்த ஆய்வைக் குறைகூறியவர்களின் வாதத்தில் ஒன்று பொருளுள்ளது: துப்பாக்கியைக் காட்டியே திருடனை விரட்டியிருந்தால் அது சாவுக் கணக்கில் வராது. ஆகவே தற்காப்புப் பயனை இவ்வெண் முழுதாகச் சொல்வதில்லை.

ஆனால் தீமையின் அளவைப் பின்வந்த பெரிய ஆய்வுகள் உறுதிப்படுத்தின. கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 இலட்சம் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், எந்த முறையில் நேர்ந்த தற்கொலையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, கைத்துப்பாக்கி உடைய ஆண்களிடையே அவ்விகிதம் மற்ற ஆண்களைப் போல் 3 மடங்குக்கும் மேலாகவும், பெண்களிடையே 7 மடங்காகவும் இருந்தது. அதே குழுவினர் 2022-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, கைத்துப்பாக்கி உடையவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலையுண்ணும் விகிதம் இருமடங்குக்கும் மேல். கணவன், மனைவி அல்லது துணைவரால் சுடப்பட்டு இறக்கும் விகிதம் ஏழு மடங்கு. துன்பம் மனத்தை மூடியிருக்கும் சில மணி நேரம் கடந்துவிட்டால் உயிர் தப்பிவிடக்கூடிய ஒருவருக்கு, கைக்கெட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தால் அந்தச் சில மணி நேரமே கிடைப்பதில்லை. 'எதை வாங்கலாம்' என்ற எழுத்து இப்பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

நம் நாட்டில் ஒரு மாதிரி

இது நமக்குத் தொலைவான செய்தி என்று விட்டுவிட முடியாது. தில்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பின், 2014 ஜனவரியில் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற சுழல்துப்பாக்கியைப் பெண்களுக்கு உகந்தது என்று கூறி வெளியிட்டது. டைட்டானியக் கலவை; நிறை 500 கிராம்; .32 தோட்டா, விலை 1,22,360 ரூபாய்.

இயற்பியல் நோக்கில் இதன்மேல் பெரிய குறை சொல்ல முடியாது. இவ்வகைத் தோட்டாவின் குண்டு சுமார் 6.4 கிராம், நொடிக்கு 200 மீட்டர் என்று கொண்டால் மொத்த உந்தம் ஏறத்தாழ 1.5, பின்னியக்க ஆற்றல் 2 ஜூலைச் சற்றே தாண்டும். அமெரிக்க மாதிரிகளைப் போல் எடையை அளவு கடந்து குறைக்கவும் இல்லை, தோட்டாவை அளவு கடந்து கூட்டவும் இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி உரிமம் பெற்று, ஒன்றேகால் இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கக்கூடிய பெண்கள் எத்தனை பேர்? பேருந்துக்குக் காத்திருக்கும் தொழிலாளிப் பெண் இக்கணக்கில் எங்கே இருக்கிறாள்? நம் தேசியக் குற்றப் பதிவுப் பணியகத்தின் ஆண்டறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்பதைத்தான். உறவினனும் அண்டைவீட்டானும் 6.4 மீட்டர் தொலைவில் நின்று எச்சரித்துவிட்டு ஓடிவருவதில்லை. இருட்டுத் தெருவில் வரும் முகமறியா எதிரி என்ற கற்பனைக்காகச் செய்யப்பட்ட கருவி, வீட்டுக்குள் இருக்கும் தெரிந்த முகத்துக்கு எதிராக என்ன செய்யும்?

விளம்பரத்தைப் படிக்கும் முறை

ஒரு மருந்துப் புட்டியின்மேல் அதன் பயனோடு பக்கவிளைவையும் அச்சிடவேண்டும் என்று கேட்கிறோம். துப்பாக்கிப் பட்டியலும் நேர்மையாக இருக்கவேண்டுமானால் நிறைக்கு அருகில் பின்னியக்க ஆற்றலையும், குழல் நீளத்துக்கு அருகில் 7 மீட்டரில் நேரும் விலகலையும், டிரிக்கர் விசையையும், ஓசையின் டெசிபலையும் அச்சிடவேண்டும். இவை யாவும் அளக்கக்கூடியவை. உற்பத்தியாளர் அறியாதவையும் அல்ல. அச்சிட்டால், "இலேசானது, சிறியது, ஆற்றல் வாய்ந்தது" என்ற மூன்றும் ஒருங்கே கிடைக்கா என்பது எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கிவிடும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். விதிக்கு விலக்கு வாங்க எந்தக் கடையிலும் உரிமம் கிடையாது.

மாணவர்களுக்கு ஒரு சொல். துப்பாக்கி உங்கள் வாழ்வில் குறுக்கிடாமலே போகலாம், போகட்டும். ஆனால் இலேசான தலைக்கவசம், விரைவான வண்டி, உடனே பலன் தரும் மருந்து என்று ஒரு பக்கத்தை மட்டும் சொல்லும் விளம்பரங்கள் நாள்தோறும் உங்களை வந்தடையும். அப்போதெல்லாம், "சமன்பாட்டின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்கப் பழகுங்கள். பின்னியக்கக் கணக்கின் விடையில் நீங்கள் போடும் அந்தச் சிறு கழித்தல் குறி, மதிப்பெண்ணுக்காக மட்டும் போடப்படுவதன்று.